நீலக் குழந்தைகளும் நெற்றி வெளிச்சமும்

போன மாதம் நண்பர் ஒருவரின் பேத்திக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. ஐந்து மாதக் குழந்தை. நல்லபடியாக முடிந்து வீட்டுக்கும் வந்துவிட்டாள். ஐ.சி.யூ.வில் எடுத்த படம் ஒன்றைக் கைப்பேசியில் காட்டி நண்பர் என்னிடம் கேட்டார்: "கால்ல மாட்டியிருக்கிறதுல 98னு காட்டுது. நெத்தியில ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல 67னு காட்டுது. ரெண்டுமே ஆக்சிஜன் கணக்குதானாம். எது சார் சரி?"

நான் டாக்டர் இல்லை. அரசாங்கத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் பழைய விஷயங்களைத் தேடிப் படிக்கும் கிறுக்கு உண்டு. இரண்டு வாரம் படித்ததில் தெரிந்தது, இரண்டு எண்ணும் சரிதான் என்பது. காலில் இருப்பது ஒரு கேள்விக்குப் பதில், நெற்றியில் இருப்பது வேறொரு கேள்விக்குப் பதில். அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்க ஒரு வழி கிடைப்பதற்குள் எத்தனையோ பிள்ளைகள் போய்விட்டார்கள். பிழைத்தவர்களில் பலருக்கும் பின்னால் தொல்லை இருந்தது. அந்தக் கதையை எழுதலாம் என்று தோன்றியது.

பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் பிரான்சில் தொடங்குகிறேன். 1888ல் மார்சேய் நகரத்து மருத்துவர் ஒருவர், அந்த ஊர் மருத்துவ இதழில் 'லா மலாதி ப்ளே', அதாவது நீல நோய் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். பெயர் எத்தியேன்-லூயி ஆர்த்தூர் ஃபலோ. ஆங்கிலம் படித்தவர்கள் 'ஃபாலட்' என்பார்கள். கடைசி எழுத்தைப் பிரெஞ்சில் உச்சரிப்பதில்லை, அவர் ஃபலோதான். பிறக்கும்போதே உதடும் நகமும் நீலம் பாரித்திருக்கும் பிள்ளைகளின் இதயத்தில், இறந்தபின் திறந்து பார்த்தால், பெரும்பாலும் ஒரே நான்கு கோளாறுகள் சேர்ந்து இருப்பதை அவர் கண்டார். கீழறைகளுக்கு நடுவே ஓட்டை, நுரையீரலுக்குப் போகும் வழி குறுகல், மகாதமனி இடம் தள்ளி அந்த ஓட்டையின்மேல் உட்கார்ந்திருப்பது, வலது அறைச் சுவர் தடித்துப் போயிருப்பது. தனக்கு முன்பே இதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள் என்பதையும் அவர் மறைக்கவில்லை. 1911ல் இறந்தார். தன்னைப் பற்றி இரங்கல் குறிப்பு எதுவும் வெளியிடக் கூடாது என்று கேட்டுக்கொண்டாராம். அந்த மனிதரின் பெயரைத்தான் இன்று உலகத்திலுள்ள இதய மருத்துவமனைகள் எல்லாம் தினமும் உச்சரிக்கின்றன.

நீலம் ஏன் வருகிறது? நம் காலத்துப் பள்ளிப் புத்தகத்தில் 'சுத்த ரத்தம், அசுத்த ரத்தம்' என்று படித்தோமே, அதுதான். ஆக்சிஜன் ஏறிய ரத்தம் பளிச்சென்ற சிவப்பு. ஆக்சிஜனை உடம்புக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பும் ரத்தம் கருஞ்சிவப்பு, தோலுக்கு மேலே பார்க்க நீலமாகத் தெரியும். ஃபலோ சொன்ன இதயத்தில் இரண்டும் கலந்து உடம்புக்குப் போகிறது.

இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. நாலடி ஓடினால் குந்தி உட்கார்ந்துவிடுவார்கள். அப்படி உட்கார்ந்தால் கால்களுக்குப் போகும் ரத்தம் மட்டுப்பட்டு, நுரையீரலுக்குப் போவது கொஞ்சம் கூடுகிறது. யாரும் சொல்லிக் கொடுக்காமல் குழந்தை தானே கண்டுபிடிக்கும் வைத்தியம் இது. சின்ன வயதில் எங்கள் தெருவிலும் ஒரு பையன் இருந்தான். கோலி விளையாட்டில் கெட்டி. பந்து விளையாட்டில் மட்டும் நடுவில் குந்திவிடுவான், உதடு நாவல்பழம் தின்றதுபோல் இருக்கும். பத்து வயது தாண்டவில்லை.

அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹெலன் டாசிக் என்ற பெண் மருத்துவர் இந்தப் பிள்ளைகளை வருடக்கணக்காகக் கவனித்தார். நுரையீரலுக்குப் போகும் வழியைப் பெரிதாக்க முடியாவிட்டால், கைக்குப் போகும் தமனி ஒன்றைத் திருப்பி நுரையீரல் தமனியோடு சேர்த்துத் தைக்கலாமே என்பது அவர் கேள்வி. ஆல்ஃப்ரெட் பிளாலாக் என்ற அறுவை மருத்துவரும், அவருடைய ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த விவியன் தாமஸ் என்ற கருப்பினத்தவரும் அதைச் செய்து காட்டினார்கள். தாமஸ் தச்சு வேலை பழகியவர், கல்லூரிப் பட்டம் இல்லாதவர். நாய்களில் அந்தத் தையலைப் பழகி முடித்தவர் அவர்தான். 1944 நவம்பர் 29 அன்று, பதினைந்து மாதப் பெண் குழந்தை ஒன்றுக்கு முதல் அறுவை நடந்தபோது, பிளாலாக்கின் பின்னால் ஒரு முக்காலியில் ஏறி நின்று தோள் வழியாகப் பார்த்து யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு உரிய பேர் கிடைக்கப் பல வருடம் ஆயிற்று. ஆபீஸில் கோப்பு எழுதுபவன் ஒருவன், கையெழுத்துப் போடுபவன் ஒருவன் என்று பார்த்துப் பழகிய எனக்கு அதில் ஆச்சரியமில்லை.

இந்தக் கட்டுரைக்கு வேண்டியது அந்தக் கூடத்தில் நடந்த வேறொன்று. 1945 தொடக்கத்தில் மூன்றாவது அறுவை நடந்தது. நடக்கக்கூட முடியாத ஆறு வயதுப் பையன். தையல் முடிந்து கிடுக்கியை எடுத்ததும், தலைமாட்டில் இருந்த மயக்க மருந்து டாக்டர் பையனின் நிறம் மாறிவிட்டது என்று கூவினார். டாசிக் சுற்றி வந்து பார்த்தார். உதடு இளஞ்சிவப்பாகி இருந்தது. கருவி எதுவும் அதைச் சொல்லவில்லை. உடம்புக்கு ஆக்சிஜன் போய்ச் சேர்ந்ததா என்பதற்கு அன்றைக்குச் சாட்சி, மனிதக் கண்ணும் குழந்தையின் உதடும்தான்.

அந்தக் கண் எவ்வளவு நம்பகமானது? 1947ல் ஜூலியஸ் கோம்ரோவும் ஸ்டெல்லா பொட்டேலோவும் அதைச் சோதித்தார்கள். ஆட்களுக்கு ஆக்சிஜனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, பார்ப்பவர்களை 'நீலம் தெரிகிறதா' என்று கேட்டார்கள். நூறு சதவீதத்துக்குக் கிட்டே இருக்க வேண்டிய அளவு 80 வரை இறங்கியும் பெரும்பாலோர் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. சிலருக்கு அதற்குக் கீழேயும் தெரியவில்லை. உதட்டைப் பார்த்து முடிவு செய்வது, வானத்தைப் பார்த்து மழை சொல்வதுபோலத்தான்.

டாசிக், பிளாலாக் செய்த அறுவையில் இதயத்தைத் திறக்கவில்லை. வெளியே குழாய் மாற்றியதோடு சரி. இதயம் அடித்துக்கொண்டே இருந்தது, மூளைக்கு ரத்தம் போய்க்கொண்டே இருந்தது. உள்ளே உள்ள ஓட்டையை அடைக்க வேண்டுமானால் இதயத்தைத் திறக்க வேண்டும், அதற்கு அதை நிறுத்த வேண்டும். சாதாரண வெப்பத்தில் மூளை சில நிமிடத்துக்கு மேல் ரத்தமில்லாமல் தாங்காது.

1952 செப்டம்பரில் மினசோட்டாவில் ஜான் லூயிஸ், ஐந்து வயதுச் சிறுமியின் உடம்பைக் குளிர வைத்து, ஐந்தரை நிமிடத்தில் இதயத்துக்குள் ஓட்டையை மூடினார். 1953 மே மாதம் பிலடெல்பியாவில் ஜான் கிப்பன் இருபது வருடம் உழைத்துச் செய்த ஹார்ட்-லங் மெஷின் முதல் முறையாக ஒரு பெண்ணைக் காப்பாற்றியது. அவளுக்கு வயது 18. குழந்தைகளுக்கு அந்த மெஷின் அப்போது மிகப் பெரிது. 1954ல் வால்ட்டன் லில்லிஹை குழந்தையின் ரத்தக் குழாய்களைத் தகப்பன் அல்லது தாயின் ரத்தக் குழாய்களோடு இணைத்து, பெற்றவரின் இதயத்தையும் நுரையீரலையுமே மெஷினாக வைத்து அறுவை செய்தார். 45 பிள்ளைகளுக்கு அப்படிச் செய்து 28 பேர் பிழைத்தார்கள். ஒரே மேஜையில் இரண்டு உயிரைப் பணயம் வைக்கிறார் என்று திட்டியவர்களும் இருந்தார்கள். பெற்றவர்கள் படுத்தார்கள். நானாயிருந்தாலும் படுத்திருப்பேன்.

கைக்குழந்தைகளுக்கு வழி பிறந்தது 1960களின் கடைசியில். ஜப்பானில் கியோட்டோ மருத்துவர்களும், நியூசிலாந்தின் ஆக்லாந்தில் பிரையன் பாரட்-பாய்ஸும் பெயர் பெற்றவர்கள். குழந்தையைப் பனிக்கட்டிப் பைகளால் சுற்றிக் குளிர வைத்து, பிறகு மெஷினால் இன்னும் குளிர வைத்து, 20 டிகிரிக்குப் பக்கத்தில் கொண்டுவந்ததும் மெஷினையே நிறுத்திவிடுவார்கள். ரத்தத்தை வடித்துவிடுவார்கள். இதயம் அசையாது, ரத்தம் ஓடாது, மூச்சு கிடையாது. குளிரில் உடம்பின் தேவை மிகவும் குறைந்துவிடுவதால் மூளை தாங்கும் என்பது கணக்கு. நெல்லிக்காய் அளவு இதயத்துக்குள் ரத்தமே இல்லாமல், அமைதியாகத் தைக்கலாம். முடிந்ததும் மெஷினை ஓட்டி, சூடேற்றி, குழந்தையை மீட்பார்கள்.

அதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். அந்த முக்கால் மணி நேரம் குழந்தையின் மூளையில் என்ன நடக்கிறது என்று அந்த அறையில் இருந்த யாருக்கும் தெரியாது. நாடி இல்லை, ரத்த அழுத்தம் இல்லை, மூளையின் மின்னலைகள்கூட அந்தக் குளிரில் நின்றுவிடும். உதட்டு நிறம் பார்க்கவும் வழியில்லை. அவர்களிடம் இருந்தது வெப்பமானியும் சுவர்க் கடிகாரமும்தான். இத்தனை டிகிரி, இத்தனை நிமிடம். நாற்பது நிமிடம் என்றால் பெரும்பாலும் பயமில்லை, ஒரு மணி என்றால் யோசனை. இது அனுபவத்தில் வந்த கணக்கு. இந்தக் குழந்தைக்கு எவ்வளவு தாங்கும் என்று அது சொல்லாது.

பிள்ளைகள் பிழைத்தார்கள். அது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. பிழைத்த பிறகு எப்படி வளர்ந்தார்கள் என்று பொறுமையாகப் பார்த்தவர்கள் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனைக்காரர்கள். இதயத்திலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய தமனிகளும் இடம் மாறிப் பிறந்த 171 குழந்தைகளை 1988 முதல் 1992 வரை சேர்த்தார்கள். சிலருக்கு ரத்த ஓட்டத்தை முழுக்க நிறுத்தியும், மற்றவர்களுக்கு மெஷினை மெதுவாகவேனும் ஓட்டிக்கொண்டும் அறுவை செய்தார்கள். யாருக்கு எது என்பதைச் சீட்டுப் போடுவதுபோல் முடிவு செய்தார்கள். முழுக்க நிறுத்தியவர்களுக்கு அறுவைக்குப் பின் வலிப்பு அதிகம். ஒரு வயதில் கைகால் பழக்கத்தில் அவர்கள் கொஞ்சம் பின்தங்கினார்கள். பதினாறு வயதில் திரும்பப் பார்த்தபோது இரண்டு கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் மொத்தத்தில் 65 சதவீதம் பேருக்குப் படிப்பிலோ நடத்தையிலோ தனி உதவி ஏதோ ஒரு சமயம் தேவைப்பட்டிருந்தது. ஓட்டத்தை நிறுத்தியது மட்டும் காரணம் என்று சொல்ல முடியாது. பிறக்கும் முன்பே மூளைக்கு ஆக்சிஜன் குறைந்திருக்கலாம், அறுவைக்குப் பின் ஐ.சி.யூ.விலும் குறைந்திருக்கலாம். எங்கே, எப்போது என்று தெரிய வேண்டும். அதற்கு மண்டைக்குள் பார்க்க வேண்டும்.

இனி வெளிச்சத்தின் கதை. இதிலும் ஒரு பிரெஞ்சுக்காரர் உண்டு. வெளிச்சம் ஒரு பொருளுக்குள் போகப் போக எப்படிக் குறைகிறது என்பதை 1729லேயே எழுதியவர் பியேர் பூகேர். ஒரே தடிமனுள்ள கண்ணாடிகளை அடுக்கினால், ஒவ்வொரு கண்ணாடியும் தனக்கு வந்த வெளிச்சத்தில் ஒரே பங்கைத்தான் எடுத்துக்கொள்ளும் என்பது அவர் கண்டது. இன்று அந்த விதியை லம்பேர்ட், பீர் என்ற இரண்டு ஜெர்மன் பெயர்களால் சொல்கிறார்கள். பூகேர் பெயர் பெரும்பாலும் விட்டுப்போகிறது. எனக்கு அதில் ஒரு சின்ன வருத்தம், போகட்டும்.

ரத்தத்தின் சிவப்பு, ஆக்சிஜன் ஏறும்போதும் இறங்கும்போதும் மாறுகிறது என்பதை 1864ல் ஸ்டோக்ஸ் காட்டினார். 1876ல் ஜெர்மனியில் ஃபியராட் தன் விரல் வழியாக வெளிச்சத்தைப் பார்த்து, ரத்த ஓட்டத்தைத் தடுத்தால் நிறம் மாறுவதைக் கண்டார். இரண்டாம் உலகப் போரில் விமானிகள் உயரத்தில் மயங்காமல் இருக்க, காது மடலில் மாட்டும் கருவியை கிளென் மில்லிகன் செய்தார். ஆக்ஸிமீட்டர் என்ற பேரும் அவர் வைத்ததே. மலையேற்றத்தில் விபத்துக்குள்ளாகி 1947ல் இறந்துவிட்டார்.

பிறகு, கொரோனா காலத்தில் நம் எல்லார் வீட்டிலும் இருந்த பல்ஸ் ஆக்ஸிமீட்டர். அதை யோசித்தவர் ஜப்பானில் நிஹோன் கோடன் கம்பெனிப் பொறியாளர் தகுவோ அவோயாகி, 1970களின் தொடக்கத்தில். அவர் அளக்க நினைத்தது வேறு, இதயம் நிமிடத்துக்கு எவ்வளவு ரத்தம் தள்ளுகிறது என்பதை. காதில் வெளிச்சம் பாய்ச்சினால் நாடித் துடிப்பு குறுக்கே வந்து கோட்டை ஆட்டியது. தொல்லையாக வந்த அந்த ஆட்டத்தையே அவர் பிடித்துக்கொண்டார். துடிக்கும் பங்கு தமனி ரத்தம், துடிக்காத பங்கு மற்றதெல்லாம். துடிப்பதை மட்டும் கணக்கெடுத்தால் தமனியின் ஆக்சிஜன் தெரிந்துவிடும். அவர் 2020 ஏப்ரலில், உலகமே அந்தக் கருவியைத் தேடி அலைந்த மாதத்தில், 84வது வயதில் காலமானார்.

இப்போது நண்பரின் கேள்விக்கு வரலாம். காலில் மாட்டியது தமனியில் போகிற ரத்தத்தைச் சொல்கிறது, அதாவது அனுப்பப்பட்ட சரக்கை. எங்கள் ஆபீஸில் டெஸ்பாட்ச் ரிஜிஸ்டர் என்று ஒன்று இருக்கும். இன்ன தேதியில் இன்ன தபால் அனுப்பியாயிற்று என்று அதில் எழுதியிருக்கும். அது போய்ச் சேர்ந்ததா என்பதற்கு அந்த ரிஜிஸ்டர் பொறுப்பில்லை. அதற்கு அக்நாலெட்ஜ்மென்ட் கார்டு திரும்பி வர வேண்டும். பல்ஸ் ஆக்ஸிமீட்டர் டெஸ்பாட்ச் ரிஜிஸ்டர். நெற்றி ஸ்டிக்கர் அக்நாலெட்ஜ்மென்ட் கார்டு. மூளை தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டபின் மிச்சம் எவ்வளவு என்று அது சொல்கிறது. அதனால்தான் 98 ஒரு பக்கம், 67 ஒரு பக்கம். தலைக்குள் இருக்கும் ரத்தத்தில் முக்கால் பங்கு, எடுத்ததுபோகத் திரும்பும் சிரை ரத்தம். 67 என்பது நல்ல எண்தான்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. பல்ஸ் ஆக்ஸிமீட்டருக்கு நாடி வேண்டும். ஹார்ட்-லங் மெஷின் ஓடும்போது ரத்தம் பெரும்பாலும் துடிக்காமல் ஒரே சீராக ஓடுகிறது. குளிர வைத்து நிறுத்தினால் ஓட்டமே இல்லை. மிகவும் தேவைப்படும் நேரத்தில் அந்தக் கருவி வாய் மூடிக்கொள்ளும்.

மண்டைக்குள் பார்க்கும் வழியைக் கண்டவர் நெதர்லாந்தில் பிறந்து அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த ஃபிரான்ஸ் ஜோப்சிஸ். உயிரணுவுக்குள் ஆக்சிஜன் எப்படிச் செலவாகிறது என்பது அவர் படிப்பு. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் எலும்பைத் தாண்டி அதிகம் போகாது என்பதுதான் எல்லாரும் நினைத்தது. ஒரு நாள் வீட்டில் சாப்பாட்டில் வந்த தட்டையான மாட்டெலும்பை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தாராம். பின்னால் இருந்த விரல் எலும்பு வழியாகச் சிவப்பாகத் தெரிந்தது. சிவப்பு இவ்வளவு போகிறது என்றால், சிவப்புக்கும் அப்பால் கண்ணுக்குத் தெரியாத கதிர் இன்னும் ஆழம் போகுமே என்று யோசித்தார். 1977 டிசம்பரில் 'சயன்ஸ்' இதழில் அதை வெளியிட்டார். தோல், எலும்பு எதையும் கிழிக்காமல் மூளையிலும் இதயத்திலும் ஆக்சிஜன் போதுமா என்று வெளிச்சத்தால் பார்க்கலாம் என்பது செய்தி. நம் கைப்பேசி விளக்கின்மேல் உள்ளங்கையை வைத்தால் விரல் இடுக்கு சிவப்பாகத் தெரிகிறதே, அதே தத்துவம்தான்.

உயிரணுக்குள்ளே இருக்கும் ஒரு பொருளைப் பார்க்கத்தான் ஜோப்சிஸ் விரும்பினார். அது இன்றுவரை சுலபமாகக் கைக்கு வரவில்லை. ரத்தத்தின் நிறமிதான் வசமாயிற்று. வயதான மண்டையைவிடப் பச்சைக் குழந்தையின் மண்டை மெல்லியது. ஆகவே டியூக்கிலும், லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஆஸ்மண்ட் ரெனால்ட்ஸ், டேவிட் டெல்பி குழுவிலும் 1980களில் முதலில் பார்த்தது குறைமாதக் குழந்தைகளைத்தான்.

அறுவை அறைக்குள் வந்ததும் கதை மாறியது. பிலடெல்பியாவில் டீன் குர்த் குழுவினர் 1992ல், குளிர வைத்து ஓட்டத்தை நிறுத்திய பச்சைக் குழந்தைகளின் நெற்றியில் கருவியை வைத்துப் பார்த்தார்கள். மெஷின் நின்ற பிறகும் மூளை மிச்சமிருந்த ஆக்சிஜனைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டே இருந்தது. எண் இறங்கிக்கொண்டே வந்து, சுமார் நாற்பது நிமிடத்தில் அதற்குமேல் இறங்காமல் நின்றது. எடுக்க இனி ஒன்றுமில்லை. இருபது வருடத்துக்கும் மேலாக அறுவை மருத்துவர்கள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்த அதே நாற்பது நிமிடம்!

கருவி வேலை செய்யும் விதம் இதுதான். நெற்றி ஸ்டிக்கரில் ஒரு ஓரம் விளக்கு, சில சென்டிமீட்டர் தள்ளி இரண்டு கண். வெளிச்சம் உள்ளே போய், வளைந்து, சிதறித் திரும்பும். கிட்டே இருக்கும் கண்ணுக்கு வருவது தோலும் எலும்பும் சொல்வது. தள்ளி இருக்கும் கண்ணுக்கு வருவதில் மூளையும் சேர்ந்திருக்கும். பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் மூளையின் பங்கு. வரவிலிருந்து செலவைக் கழித்து இருப்புப் பார்ப்பதுதான்.

எண் இறங்கினால் என்ன செய்வது? இங்கேதான் பயன். மெஷின் நன்றாக ஓடுகிறது, ரத்த அழுத்தம் சரி, எல்லா எண்ணும் சரி, நெற்றி எண் மட்டும் இறங்குகிறது என்று வையுங்கள். தலையிலிருந்து ரத்தம் திரும்பும் பெரிய சிரையில் வைத்த குழாய் ஒரு சென்டிமீட்டர் நகர்ந்து அடைத்துக்கொண்டிருக்கலாம். தலைக்குள் ரத்தம் தேங்கி நிற்கும். முன்காலத்தில் அது மறுநாள் குழந்தை கண் விழிக்காதபோதுதான் தெரியும். இப்போது சில நிமிடத்தில் தெரிகிறது, குழாயை நகர்த்தினால் தீர்ந்தது. நெற்றியின் ஒரு பக்கம் மட்டும் இறங்கினால் அந்தப் பக்கத்துக்குப் போகும் வழியில் கோளாறு. இரண்டு பக்கமும் இறங்கினால் மெஷின் வேகத்தைக் கூட்டலாம், ரத்தம் ஏற்றலாம், கரியமில வாயுவைக்கூடக் கொஞ்சம் கூட்டலாம். கரியமில வாயு கெட்டது என்றுதானே படித்தோம்? அது கொஞ்சம் கூடினால் மூளையின் ரத்தக் குழாய்கள் விரிந்து கொடுக்கின்றன.

ரத்தம் ஏற்றுவதிலும் ஒரு பாடம் இருந்தது. மெஷினின் குழாய்களை நிரப்ப அந்நாளில் ரத்தத்தை நிறையத் தண்ணீராக்குவார்கள். ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கை 21 சதவீதம் அளவில் வைத்த குழந்தைகளையும் 28 அளவில் வைத்த குழந்தைகளையும் ரிச்சர்ட் ஜோனாஸும் பாஸ்டன்காரர்களும் ஒப்பிட்டு 2003ல் வெளியிட்டார்கள். நீர்த்த ரத்தம் போனவர்கள் ஒரு வயதில் பின்தங்கியிருந்தார்கள்.

கருவிக்கு ஆதரவாகப் பெரிதாகச் சொல்லப்படுவது, 1997ல் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரத்திலிருந்து வந்த கணக்கு. 250 பிள்ளைகளின் அறுவையில் மூளையை இந்த வெளிச்சத்தாலும் வேறு இரண்டு முறையாலும் கண்காணித்தார்கள். பத்தில் ஏழு பேருக்கு ஏதோ ஒரு மாறுதல் தெரிந்தது. மாறுதல் தெரிந்து, உடனே ஏதாவது செய்த பிள்ளைகளில் 6 சதவீதம் பேருக்குப் பின்னால் நரம்புக் கோளாறு. மாறுதல் தெரிந்தும் ஒன்றும் செய்யாதவர்களில் 26 சதவீதம். மாறுதலே தெரியாதவர்களில் 7.

இன்னொரு யுக்தி விஸ்கான்சின் மாநிலத்து மில்வாக்கி மருத்துவர்களுடையது. பாதி இதயத்தோடு பிறக்கும் குழந்தைகளுக்கு அவர்கள் இரண்டு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். ஒன்று நெற்றியில், ஒன்று விலாவின் பின்பக்கம் சிறுநீரகத்துக்கு மேலே. வருமானம் குறைந்த வீட்டில் எது முதலில் நிற்கும்? அரிசியும் பள்ளிக் கட்டணமும் கடைசிவரை ஓடும், மற்றச் செலவு முதலில் குறையும். உடம்பும் அப்படித்தான். ரத்தம் தட்டுப்பட்டால் மூளைக்கு அனுப்பிவிட்டு, குடல், சிறுநீரகம் பக்கம் முதலில் கையைச் சுருக்கும். இடுப்பு எண் இறங்கத் தொடங்கினால், நெற்றி எண் நன்றாக இருந்தாலும், இதயம் தடுமாறத் தொடங்கிவிட்டது என்று ஐ.சி.யூ.க்காரர்கள் எச்சரிக்கை ஆகலாம்.

இவ்வளவு சொன்னபின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். லூயிவில் கணக்கு, சீட்டுப் போட்டுப் பிரித்த சோதனை அல்ல. சிகிச்சை செய்யப்படாதவர்கள் ஏன் செய்யப்படவில்லை என்ற கேள்வி அதில் நிற்கிறது. இதய அறுவைக்கு வெளியே, மிகவும் குறைமாதத்தில் பிறந்த 1601 குழந்தைகளைப் பிரித்து, டென்மார்க்கின் கோர்ம் கிரைசன் முன்னின்று 17 நாடுகளில் ஒரு பெரிய சோதனை நடந்தது. பாதிப் பேருக்கு முதல் மூன்று நாள் நெற்றி எண்ணைப் பார்த்துச் சிகிச்சை, பாதிப் பேருக்கு வழக்கப்படி. முடிவு 2023ல் வந்தது. இறப்பும் கடுமையான மூளைப் பாதிப்பும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றே, மூன்றில் ஒரு பங்கு. கருவியை ஒட்டுவதாலேயே குழந்தை பிழைத்துவிடாது என்று தெரிகிறது. ஆனால் அதை வைத்து இதய அறுவையில் கருவி வீண் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. குறைமாதக் குழந்தைக்கு நூறு தொல்லை இருக்கும், எண் இறங்கினால் எதைத் திருத்துவது என்றே தெளிவாகத் தெரியாது. அறுவை மேஜையில் குழாய் எது, மெஷின் எது என்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். வெளிச்சம் தோல் வழியாகப் போகிறது, தோலின் கருமையும் வெளிச்சத்தை விழுங்கும். கருத்த தோலில் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்று கொரோனா வருடம் 2020ல் அமெரிக்காவிலிருந்து வந்த ஆய்வு பெரிய பேச்சாயிற்று. தலையை அளக்கும் கருவிகளில் சில, பெரியவர்களிடம் சோதித்தபோது, கருத்த தோலில் குறைவாகக் காட்டின. கம்பெனிக்குக் கம்பெனி எண்ணும் கொஞ்சம் மாறுகிறது. ஒரு மருத்துவமனையின் 67ஐ இன்னொன்றின் 72ஓடு ஒப்பிட முடியாது. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் எண்ணோடு நம் பிள்ளையின் எண்ணை ஒப்பிடுவதும் வீண். நீலக் குழந்தைக்கு அறுவைக்கு முன் 50 இருந்தாலே அது அதன் வழக்கமாக இருக்கலாம். டாக்டர்கள் பார்ப்பது, அந்தக் குழந்தையின் சொந்த எண்ணிலிருந்து எவ்வளவு இறங்கியது என்பதை. ஐந்தில் ஒரு பங்கு இறங்கினால் காரணம் தேடத் தொடங்குவார்கள். அதனால்தான் முதல் கத்தி படும் முன்பே, முடிந்தால் மயக்க மருந்துக்கும் முன்பே, நெற்றியில் ஸ்டிக்கரை ஒட்டி முதல் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்கிறார்கள்.